தொகை மரபும் மின்னூலக ஒழுங்கும்

பல காலங்களில் பல புலவர் பாடிய தனிப்பாடல்கள், தொகைகளாக்கப்பட்டமையாலேயே சங்க இலக்கியமாக நம்மை வந்தடைந்தன. தொகுத்தோர் ஓர் அளவுகோலை வகுத்துக்கொண்டே தொகுத்தனர். அகப்பாடல்களுள் 4 முதல் 8 அடி வரையிலானவை குறுந்தொகைக்கும், 9 முதல் 12 அடி வரையிலானவை நற்றிணைக்கும், 13 முதல் 31 அடி வரையிலானவை அகநானூற்றுக்கும் பெரும்பாலும் உரியவாயின. அகநானூற்றில் பாடலின் எண்ணே அதன் திணையைக் காட்டும். ஒற்றைப்படை எண்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல்.

ஒரு நூலுக்கு ஒரே வைப்புமுறைதான் உண்டு என்று நம் முன்னோர் கருதவில்லை. தேவாரப் பதிகங்கள் பண்முறையாகவும் தலமுறையாகவும் அச்சேறியுள்ளன. முன்னது இசையோடு ஓதுவார்க்கும், பின்னது தலந்தோறும் சென்று வழிபடுவார்க்கும் உதவும். அச்சில் இதற்கு இரு பதிப்புகள் வேண்டியிருந்தன. மின்னூலகத்தில் நூல் ஒன்றாகவே இருக்க, அதனைச் சுட்டும் பட்டியல்கள் பலவாகலாம்.

1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. அங்கு மின்பதிப்புகள் வெளியீட்டு வரிசையில் எண் பெறுகின்றன. பழைய இலக்கியமும் தற்காலப் புதினமும் அடுத்தடுத்து நிற்பது முதற்பார்வைக்கு ஒழுங்கின்மையாகத் தோன்றலாம். ஆயினும், எந்த நூல் எப்போது தட்டெழுதப்பட்டு மெய்ப்பு முடியும் என்பது தன்னார்வப் பணியில் முன்கூட்டித் தெரிவதில்லை. பொருள்வாரியாக எண்ணிட்டால், புதிய வரவுகளுக்காகப் பழைய எண்களை மாற்ற நேரும். அவற்றை மேற்கோள் காட்டிய ஆய்வுகள் வழிதவறும். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எனினும் அவ்வெண்கள் பிற பாடல்களுக்குத் தரப்படவில்லை. எண் அடையாளத்துக்குரியது, வகைப்பாட்டைத் தனிப்பட்டியல்கள் ஏற்கட்டும்.

இச்செய்தி நம் வட்டாரத்துக்கு மிகவும் இன்றியமையாதது. சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டி, 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து மின்னூல்களாக்கினர். நாடும் காலமும் அத்தொகுப்பின் எல்லைகள். தெளிவான எல்லை வகுத்தமையால் பணி நிறைவெய்தியது. எனினும், 1965க்கு முன் மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே வாசகப் பரப்பாக விளங்கின. 1935இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழ் முரசு மலாயாவிலும் வாசிக்கப்பட்டது. ஈரிடத்தும் எழுதிய ஒருவரை ஒரு நாட்டின் தொகுப்பு மற்றதற்குரியவர் எனக் கருதி விடுத்தால், அவர் இரண்டிலும் இடம்பெறாமல் மறைந்துபோவார். ஆகவே அத்தகைய நூல்களை இரு பட்டியல்களிலும் காட்டுதல் வேண்டும்.

தன்னார்வப் பணியில் ஆட்கள் மாறுவர். தொகுத்தவரின் எண்ணம் அவரோடே அகன்றுவிடலாம். அகநானூற்றின் எண்முறையைப் பழம்பாடல் ஒன்று பதிந்து வைத்திருக்கிறது. அதுபோல ஒவ்வொரு தொகுப்பின் முகப்பிலும் எவை சேர்க்கப்பட்டன, எவை விடப்பட்டன, ஏன் என்பதைச் சில வரிகளில் எழுதிவைப்போம். பின்வருவோர் பணியைத் தொடர அதுவே வழிகாட்டும்.