தொண்ணூற்றைந்து பேருக்குச் சோறு

கலியுகம் பிறந்து 14,49,087 நாள் ஆயிற்று என்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் அந்தச் செப்பேடு பேசவே தொடங்குகிறது. மன்னனின் ஆட்சியாண்டு போதாதாம்; யுகத்தின் தொடக்கத்திலிருந்து நாள் எண்ணியிருக்கிறார்கள். வேதம் படித்தவர்களும் பஞ்சாங்கம் பார்த்தவர்களும் நிறைந்த கூட்டம் எழுதுவித்த பத்திரம் வேறு எப்படி இருக்கும்? நம் கணக்கில் அது கி.பி. 866, ஜூலை மாதம்.

எழுதுவித்தவன் கோ கருநந்தடக்கன். பொதிகையைச் சார்ந்த ஆய் மரபினன். சேரனுக்கும் பாண்டியனுக்கும் நடுவில் நெருக்குண்டு கிடந்த சிறிய நாடு அவனுடையது. முஞ்சிறைச் சபையாரிடம் வேறு நிலம் மாற்றுக்கொடுத்து உழக்குடிவிளை என்ற இடத்தை வாங்கினான். அங்கே பெருமாளுக்கு ஒரு கோயில் எடுத்தான், ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயர் வைத்தான், கோயிலை ஒட்டி 95 சாத்தர் தங்கிப் படிக்க ஒரு சாலை நிறுவினான். சாத்தர் என்றால் மாணவர். சாலை என்றால் அவர்கள் உண்டு, உறங்கி, ஓதும் இடம். அரசன் நிலத்தை விலையில்லாமல் எடுத்துக்கொள்ளவில்லை, சபையோடு பேசி மாற்றிக்கொண்டான் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த ஏடு பிறந்ததே அதனால்தான். நிலம் கைமாறினால் பத்திரம் வேண்டும்; பத்திரம் நிலைக்கச் செம்பு வேண்டும்.

செப்பேடு செய்வது அவசர வேலை அல்ல. அரசன் வாய்மொழியாகச் சொன்ன ஆணை முதலில் ஓலையில் ஏறும். அதிகாரிகள் பார்ப்பார்கள், எல்லை காட்டுவார்கள். பல செப்பேடுகளில் பெண் யானையை நடக்கவிட்டு நிலத்தின் எல்லை குறித்த செய்தி வருகிறது. எல்லாம் முடிந்த பிறகு கன்னார் கையில் செம்பு போகும். தட்டித் தகடாக்கி, ஓலையைப் போலவே நீள வாக்கில் வெட்டி, வளையம் கோக்க ஒரு துளை போட்டு, உளியால் எழுத்தைக் கீறுவார்கள். இந்த ஏட்டின் மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. வடசொல் வருமிடத்தில் கிரந்தம் தலைகாட்டும்.

95 பேரும் ஒரே கூட்டம் அல்ல. ரிக் வேதம் ஓதுகிற பவிழியருக்கு 45 இடம், யஜுர் வேதத்துத் தைத்திரியருக்கு 36, சாமம் பாடுகிற தலவகாரருக்கு 14. இன்றைய கல்லூரி இடஒதுக்கீட்டுப் பட்டியல் மாதிரியே இருக்கிறது. இலக்கணம், மீமாம்சை, புரோகிதம் தெரிய வேண்டும். அத்தோடு மூன்று அரசுகளின் விவகாரமும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது ஏடு. சேர சோழ பாண்டியரின் அரசு நடைமுறை என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். அப்படியானால் சாலையிலிருந்து வெளியே வந்தவன் யாகம் மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. அரண்மனைக் கதவும் அவனுக்குத் திறந்திருக்கும்.

ஏட்டின் சுவையான பகுதி விதிகள்தாம். சக மாணவனை ஏசினால் தண்டம். அடித்தால் தண்டம். சபை கூடும் இடத்துக்கு ஆயுதத்தோடு வரக் கூடாது. மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது. நடக்காத ஒன்றை யாரும் விதி போட்டுத் தடுப்பதில்லை. குருகுலம் என்றதும் நாம் மனத்தில் வைத்திருக்கும் படத்தில் மரத்தடி இருக்கும், மான்குட்டி இருக்கும், கைகட்டி நிற்கும் பிள்ளை இருப்பான். இந்த ஏட்டில் இருப்பவர்கள் கத்தி வைத்திருக்கிற, வாய் நீண்ட வாலிபர்கள். சாலைகளில் ஆயுதப் பயிற்சியும் நடந்தது என்று வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் வாதிட்டதற்கு இந்த விதிகளும் ஒரு காரணம். கேரளத்து நம்பூதிரிகளின் யாத்திரக்களியில் வாளும் பரிசையும் வருவதை இந்தச் சாத்தரோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு.

ஆனால் வகுப்பு எப்படி நடந்தது? அதைப்பற்றி ஏடு வாய் திறக்கவில்லை. அந்தக் கல்வி ஏட்டில் ஏறவே இல்லை, காதிலும் வாயிலுமே நடந்தது. எப்படி நடந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் திருச்சூர் வடக்குநாதன் கோயில் பக்கத்துப் பிரம்மஸ்வம் மடம் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். நம்பூதிரி முறையில் ரிக் வேதம் கற்பிக்கும் ஆசான் சிறுவனின் தலையையே கையால் பிடித்துக்கொள்கிறார். சுரம் மேலே போனால் தலை நிமிர்கிறது, கீழே போனால் குனிகிறது, பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் பக்கம் திரும்புகிறது. பொருள் பின்னால் வரும், அல்லது வராமலே போகும். முதலில் கழுத்து கற்றுக்கொள்கிறது. பிறகு சொற்களைப் பிரித்தும், முன்பின்னாகக் கோத்தும், பின்னியும் சொல்லிப் பழகுவார்கள். ஒரு சொல் இடம் மாறினால் அந்தப் பின்னலே காட்டிக்கொடுத்துவிடும். எழுதி வைப்பதைவிடப் பத்திரமான ஏற்பாடு இது. ஓதுகிற ஆள் இருக்கிற வரைக்கும். அந்த 14 தலவகாரர் பாடிய ஜைமினீய சாமம் இன்று நம்பூதிரிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களோடு நிற்கிறது.

ஏட்டிற்குத் திரும்புவோம். பார்த்திவபுரத்துச் சாலை புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. காந்தளூர்ச் சாலையின் நடைமுறைப்படி நடக்க வேண்டும் என்று ஏடே சொல்கிறது. அந்தக் காந்தளூர் ஒரு நூறாண்டு கழித்து வேறு வழியில் புகழ் பெற்றது. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் முதல் வெற்றியாக வருவது காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்த’ செயல்தான். அவன் அங்கே கப்பலை உடைத்தானா, மாணவர் சோற்றில் கை வைத்தானா என்று அறிஞர்கள் நெடுங்காலம் சண்டை போட்டார்கள். தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்காகத் தனி நூலே எழுதினார்; சாலை என்பது உண்டிச்சாலை என்பது அவர் கட்சி. கப்பல் கட்சிக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்குக் கவிமணி பக்கம்தான் சாய்வு. பார்த்திவபுரத்து ஏடு முழுக்க யாருக்கு எத்தனை இடம், யாரை எதற்காகத் தண்டிப்பது, எந்த நிலம் சோறு போடும் என்பதே பேச்சு. அதைப் படித்துவிட்டுச் சாலை என்றால் துறைமுகம் என்று நினைப்பது கொஞ்சம் கடினம். தென்னாட்டு நாலந்தா என்ற பட்டமும் காந்தளூருக்கு உண்டு. 95 பேர் கொண்ட இதன் பங்காளிச் சாலையைப் பார்த்தால் அந்தப் பட்டம் சற்றுத் தாராளமாகத்தான் தெரிகிறது.

சோழர் வந்தார்கள், ஆய் மரபு மறைந்தது, சாலையும் போயிற்று. ஏடு போகவில்லை. கடைசியில் அது வெளிப்பட்ட இடம் திருவனந்தபுரத்து ஹஜூர் அலுவலகம், அதாவது திருவிதாங்கூர் அரசின் தலைமைக் கச்சேரி. வரலாற்று நூல்களில் அதற்கு ஹஜூர் அலுவலகச் செப்பேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. நிறுவிய மன்னன் பெயருமில்லை, ஊர்ப் பெயருமில்லை. கோப்புகள் அடுக்கிய கட்டடத்தின் பெயர். திருவிதாங்கூர்த் தொல்லியல் துறைக்குத் தலைமை ஏற்ற து.அ. கோபிநாதராவ் அதைப் படித்து, திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் அச்சேற்றினார். சிற்பக்கலை படிப்பவர்களுக்கு அவரை இந்து உருவவியல் நூலால் தெரிந்திருக்கும்.

அந்தத் தொகுதியில் இன்னொரு ஆய் ஏடும் உண்டு. அதன் பயணம் இதைவிட நீண்டது. கருநந்தடக்கனுக்குப் பின் வந்த விக்கிரமாதித்த வரகுணன் திருமூலபாதம் என்ற பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்து எழுதிய ஏடு அது. தெற்கே ஆண்ட அரசனின் ஏடு கிடைத்தது வடக்கே, கொச்சி அரசர்களின் பரம்பரை அமைச்சர்களான பாலியத்தச்சன் குடும்பத்து வீட்டில். பெரியாற்றின் கிளைகளை ஒட்டிய சேந்தமங்கலத்தில் அந்தப் பாலியம் இருக்கிறது. வேதம் ஓதுகிற பிள்ளைகளுக்குச் சாலை வைத்த மரபே அடுத்த தலைமுறையில் புத்தருக்கு நிலம் விட்டிருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கருநந்தடக்கன் மாற்றுக்கொடுத்து வாங்கிய நிலம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தது. ஏட்டுக்குப் பெயர் தந்த கச்சேரி கேரளத்தின் தலைமைச் செயலகமாக அந்தப் பக்கம் நின்றுவிட்டது. பார்த்திவபுரத்துப் பெருமாள் கோயிலில் இன்றும் பூசை உண்டு. புதுக்கடையில் இறங்கி வழி கேட்டால் சொல்வார்கள்.