கடுநோயாளரின் நிர்ப்பீடனக் குறைவை அறிந்த வரலாறு

கிருமி உடலிற் புகுந்தவிடத்துக் காய்ச்சலும் வீக்கமுந் தோன்றுதல் இயல்பு. அவை எதிர்ப்பின் அடையாளங்கள். எதிர்ப்பு வலுக் குன்றிய நோயாளனிடத்தில் அவ்வடையாளங்களும் மங்குமாதலால், அவன் தேறிவருபவன் போலத் தோற்றுவதுமுண்டு. இக்குறைவை எங்ஙனம் அறிவது?

இதற்கு வழிகாட்டியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே. தியூபர்க்குலினைத் தோலிற் கீறியிட்டுக் கசநோய்த் தொற்றை அறியும் முறையை 1907இல் அவர் வெளியிட்டார். மறுவாண்டு அவர் கூறியது அதனினும் நுண்ணியது. முன்னர்த் தோல் சிவந்து தடித்த பிள்ளைகளுக்குச் சின்னமுத்துக் கண்டபோது அத்தடிப்புத் தோன்றவில்லை. சில நாள் கழிந்தபின் மீண்டது. கிருமி அகன்றிலது, விடையிறுக்கும் வலுவையே உடல் இழந்திருந்தது. மிகையான எதிர்வினையைக் குறிக்க ‘அலர்ஜி’ என்று இன்று வழங்குஞ் சொல்லை 1906இல் ஆக்கியவரும் இவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வுண்மை சத்திரசிகிச்சை விடுதிக்கு வந்துசேர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றன. கனடாவின் மொன்றியல் நகரில், மக்லீன், மீக்கின்ஸ் முதலியோர் 1970களிற் பெருங்காயமுற்றோர்க்கும் சத்திரசிகிச்சை பெற்றோர்க்கும் கசநோய், கூகைக்கட்டு முதலியவற்றின் கிருமிகளிலிருந்து பெற்ற ஐவகைப் பொருள்களைத் தோலினுட் செலுத்தினர். வளர்ந்தோர் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றையேனும் முன்னர் எதிர்கொண்டவராதலின், நலமுடையார் தோல் ஏதேனுமொன்றுக்குத் தடிக்கும். ஐந்துக்கும் தடியாதோரிடையே கடுங்கிருமித்தாக்கமும் மரணமும் மிகுந்திருந்தன. ஆயினும் முடிவறிய இரண்டு நாள் வேண்டும். கடுநோய் அத்துணை நாள் காத்திராது.

மேலும், இத்தகையோர் தம் உடலின் மிகையெதிர்ப்பினாலேயே இறக்கின்றனர் என்ற கொள்கை நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் பல சோதிக்கப்பட்டன, பெரும்பாலானவை பயன்தரவில்லை. மிகையெதிர்ப்போடு எதிர்ப்புத் தணிவும் நிகழ்வதை 1996இல் றொஜர் போன் எடுத்துரைத்தார். பேர்லின் ஆய்வாளர், குருதியின் ஒருவகை வெண்குழியங்களில் ‘எச். எல். ஏ.–டி. ஆர்.’ என்னும் புரதம் குறைந்திருத்தலை நிர்ப்பீடனத் தளர்ச்சியின் அடையாளமாகக் கொண்டனர். இன்ரபெரோன்–காமா கொடுக்க அக்குழியங்கள் மீண்டும் வலுப்பெற்றதை 1997இல் அறிவித்தனர். 2011இல் அமெரிக்க ஆய்வாளர், கிருமித்தாக்கத்தால் இறந்த 40 பேரின் மண்ணீரல்களை இறந்த சில மணிநேரத்துள் எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றின் நிர்ப்பீடனக் குழியங்கள் தூண்டியும் எழாதிருக்கக் கண்டனர்.

வெண்குழியப் புரதத்தை அளத்தல் இன்றும் எங்கும் வழக்கமாகிவிடவில்லை. சாதாரணக் குருதிச் சோதனையில் நிணநீர்க்குழியங்கள் பல நாள் குறைந்தே நிற்பதும், உடலில் நெடுநாள் அடங்கிக்கிடந்த வைரசுகள் திடீரெனத் தலைதூக்குவதும் வைத்தியர்க்கு எச்சரிக்கைகளாகின்றன.