பிக்மி எண் பிறந்த கதை

வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்ததும் தமிழ்நாட்டுப் பெண்ணிடம் நர்சம்மா முதலில் கேட்பது, “பிக்மி நம்பர் வாங்கிட்டியாம்மா?” என்றுதான். 12 இலக்கம் கொண்ட அந்த எண்ணைத் தாய் சேய் நல அட்டையில் எழுதித் தருவார்கள். பிறகு பிரசவ வார்டில் கேட்பார்கள், உதவித்தொகைக்குக் கேட்பார்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். நோயாளியின் விவரத்தை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி என்று பணக்கார நாடுகளே திணறுகின்றன. கர்ப்பிணிகள் அளவிலாவது அதை ஓரளவு செய்துகாட்டியது இந்த எண்.

அதற்கு முன்னால் இருந்தது பதிவேட்டுக் காலம். கிராம சுகாதாரச் செவிலியரின் தோள்பையில் தம்பதியர் பதிவேடு, கர்ப்பிணிகள் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு என்று தடித்த நோட்டுகள் இருக்கும். ஒரே பெண்ணின் பெயரை எல்லாவற்றிலும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, இத்தனை கர்ப்பிணிகள், இத்தனை பிரசவங்கள், இத்தனை ஊசிகள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கணக்கு போகும். அங்கிருந்து மாவட்டத்துக்கு, பிறகு சென்னைக்கு. மேலே போகப் போகத் தொகை மட்டும் மிஞ்சும், பெண் காணாமல் போய்விடுவாள். ஐந்தாம் மாதத்தில் ரத்தசோகை என்று எழுதப்பட்டவளுக்கு ஒன்பதாம் மாதத்தில் என்ன ஆனது என்று எந்தத் தொகையைப் பார்த்தும் சொல்ல முடியாது.

நம் வழக்கம் ஒன்றும் அந்தப் பதிவேட்டைத் தோற்கடித்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து அழைத்துப் போய்விடுவார்கள். அதுவரை அவளைக் கவனித்த செவிலியரின் நோட்டில் அந்த வரி பாதியில் நிற்கும். தாய்வீட்டு ஊரின் செவிலியருக்கோ அவள் புதியவள். ஆபத்து கூடும் மாதங்களில்தான் அவளைப் பற்றிய விவரம் அறுந்துபோகும்.

ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்கும் முறையைத் தமிழ்நாடு 1994-லேயே தொடங்கிவிட்டது. இறந்த பிறகு ஒரு பெண்ணின் ஒன்பது மாதக் கதையைத் தேடித் தொகுக்கிறோம். உயிரோடு இருக்கும்போதே அதைத் தொகுத்து வைத்தால் என்ன? அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் நான் பிக்மியைப் பார்க்கிறேன். பொது சுகாதாரத் துறையும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து 2008-ல் இதைக் கொண்டுவந்தன. கர்ப்பிணியையும் பிறக்கும் குழந்தையையும் பெயர் சொல்லித் தொடர்ந்து கவனிப்பதே நோக்கம். ‘பிக்மி’ என்பது இத்திட்டத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்.

அடுத்த ஆண்டே மத்திய அரசும் தாய் சேய் கண்காணிப்புக்கு ஒரு மென்பொருளைத் தொடங்கியது. செவிலியருக்கு வேலை இரட்டிப்பானது. பகலில் வீடு வீடாக நடை, மாலையில் நோட்டு, பிறகு கணினி. பின்னாளில் மாநில மென்பொருளும் மத்திய அரசின் ஆர்.சி.எச். என்ற தாய் சேய் நலத் தளமும் இணைக்கப்பட்டன. அப்போதுதான் இன்றைய 12 இலக்கம் வந்தது. 2017 வாக்கில் பிறப்புப் பதிவும் இதோடு கோக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் இந்த எண்ணின் வழியாகவே வருகிறது: 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. கர்ப்பமான 12 வாரத்துக்குள் பதிவு செய்தால்தான் முதல் தவணை என்றதும் பதிவு தானாக முந்திக்கொண்டது. விவரம் கொடுத்தவளுக்கு அதற்கு ஈடாக ஒன்று கிடைத்தது. எண் வேர்பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

இந்த எண்ணுக்குக் கடினமான சோதனை கல்வராயன் மலையில். 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் மலைக்கு 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசு வைத்திருக்கும் அளவுகோல். 3,000 பேர் குறைவாகத் தெரியலாம்; சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு நடந்துபோகும் செவிலியருக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று. மலை ஒன்றே ஆனாலும் வெள்ளிமலை கள்ளக்குறிச்சிக்கு, கருமந்துறை சேலத்துக்கு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாவட்ட எல்லை பார்த்து நடப்பதில்லை. பிழைப்புக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு.

வெள்ளிமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் இரவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 108 வண்டி கரியாலூர், கோமுகி அணை, கச்சிராயபாளையம் என்று வளைந்து இறங்கி வர வேண்டும். கீழே காத்திருக்கும் டாக்டருக்கு வேண்டியவை சில விவரங்கள்தான்: ரத்த வகை என்ன, கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்தக் கொதிப்பு உண்டா, முந்தைய பிரசவம் சிசேரியனா. அட்டை வீட்டிலேயே தங்கிவிட்டால், வலியில் துடிக்கும் பெண்ணிடமும் பதறி நிற்கும் மாமியாரிடமும்தான் கேட்டாக வேண்டும். எண் இருந்து, மேலே செவிலியர் ஏற்றிய விவரம் கீழே திறந்தால், வண்டி வந்து சேரும் முன்பே ரத்தத்துக்குச் சொல்லிவிடலாம்.

ஓரிடத்தில் ஏற்றிய விவரத்தை இன்னோரிடத்தில் திறப்பதில்தான் சிக்கல். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ். தாலுகா, மாவட்ட மருத்துவமனைகள் ஊரக நலப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மலைத் தாய்க்கு உயர் சிகிச்சை பக்கத்தில் வந்தது பெரிய நன்மை. ஆனால் மலையிலிருந்து கல்லூரி மருத்துவமனைக்குள் அவள் ஒரே இரவில் கடப்பது வெவ்வேறு இயக்குநரகங்களின் எல்லைகளை.

கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு இந்த அளவு இழைகூட இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ஒரே நஞ்சைக் குடித்தவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று பிரித்து அனுப்பப்பட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஓரிடத்தில் தெரிந்தது மற்ற இடங்களுக்கு உடனே தெரிய வேண்டும்.

2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் இதைத்தான் முயல்கிறது. 14 இலக்க ‘ஆபா’ எண் அதன் அடிப்படை. பதிவுகள் உருவான இடத்திலேயே இருக்கும். நோயாளி சம்மதித்தால் மட்டுமே இன்னொரு மருத்துவமனைக்குப் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2002-ல் இதுபோன்ற பெருந்திட்டத்தைத் தொடங்கிய பிரிட்டன் பல நூறு கோடி பவுண்டு செலவழித்த பின் 2011-ல் அதைக் கலைத்தது. அங்கேயே குடும்ப மருத்துவர்களின் பதிவுகளை ஒன்றுதிரட்ட முயன்ற இன்னொரு திட்டம் மக்களின் நம்பிக்கையைப் பெறாமலே 2016-ல் மூடப்பட்டது.

அந்த நம்பிக்கை நம் மலையிலும் எளிதில் உடையக்கூடியதுதான். 18 வயது நிரம்பாதவள் கர்ப்பம் என்று தெரிந்தால் 2012-ன் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். வயதைச் சொன்னால் வீட்டுக்காரரைப் பிடித்துப் போவார்கள் என்று பயந்த குடும்பம் செவிலியரைத் தவிர்க்கும். மருத்துவக் கவனிப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் சிறுமிதான் பதிவுக்கு வெளியே நிற்பாள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை டாக்டர் காவல் துறைக்கு வெளிப்படுத்த வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பயத்தை உணர்ந்துதான்.

பிக்மி எண்ணைப் பெண்கள் ஏற்றுக்கொண்டது அது அவர்களுக்கு உதவியதால். இனி வரும் எந்த எண்ணும் அதே வழியில்தான் வேர்பிடிக்க முடியும். செவிலியர் ஒரே முறை எழுதினால் போதும் என்று ஆக்குங்கள். சிக்னல் இல்லாத ஊரிலும் பதிவு ஏறட்டும். சம்மதத்தை நல்ல தமிழில் வாசித்துக் காட்டிக் கேளுங்கள். எண் இல்லாமல் வந்தவளுக்கு முதலில் சிகிச்சை, பிறகு எண் என்பதை எந்த இயக்குநரகமும் மீற முடியாத விதியாக்குங்கள். இவை நடந்தால் கல்வராயன் மலைத் தாயின் விவரம் அவளுக்கு முன்பே மலை இறங்கி மருத்துவமனையைச் சேரும்.