கோல்ஃப் கிளப்புக்கு ஜீன்ஸ், டி-ஷர்ட்ல போகலாமா... வேட்டியில?

சேலத்துலயோ நாமக்கல்லயோ தொழில் பண்றீங்க. கோவையிலிருந்து ஒரு பெரிய பார்ட்டி, "ஞாயித்துக்கிழமை கோல்ஃப் கிளப்புக்கு வந்துடுங்க, அங்கயே பேசி முடிச்சிடலாம்" என்று கூப்பிடுகிறார். பீரோவைத் திறந்தால் ஜீன்ஸ், ரவுண்ட் நெக் டி-ஷர்ட், அப்பாவோட வெண்பட்டு வேட்டி. எதைப் போட்டுக்கிட்டுப் போனா வாசல்ல நிறுத்த மாட்டாங்க?

விதியை யார் போடுறாங்க?

கோல்ஃப் ஆட்டத்தின் விதிப் புத்தகம் எல்லோருக்கும் பொதுவான உடை எதையும் சொல்வதில்லை. அதை முடிவு பண்ணுவது அந்தந்த கிளப்தான். 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் மாதிரி, நம்ம ஊர் பழைய கிளப்கள் பல வெள்ளைக்காரர் காலத்தில் வந்தவை. அந்தப் பழக்கம் இன்னும் முழுசா விடலை.

பொதுவா எது ஓகே?

* காலர் வைத்த டி-ஷர்ட், டிரவுசருக்குள் இன் பண்ணி.
* காட்டன் பேன்ட். முழங்கால் நீள ஷார்ட்ஸையும் பல கிளப்கள் அனுமதிக்கின்றன.
* ரப்பர் அல்லது பிளாஸ்டிக் முள் வைத்த ஷூ. இரும்பு முள் புல்தரையைக் கிழிக்கும்.

எது சிக்கல்?

ஜீன்ஸ், காலர் இல்லாத டி-ஷர்ட், டிராக் பேன்ட், செருப்பு. இது மெல்ல மாறுகிறது. அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர்கூட 2019-ல்தான் பயிற்சிச் சுற்றுகளில் வீரர்கள் ஷார்ட்ஸ் போட அனுமதித்தது.

சரி, வேட்டி?

2014 ஜூலை 11. சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி.ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. நீதிபதிக்கே இந்த நிலைமையா என்று மாநிலமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது.

அதன்படி வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வந்ததற்காக ஒருவரை கிளப், ஹோட்டல் போன்ற இடங்களில் தடுக்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கிளப்பின் லைசென்ஸும் ரத்தாகலாம்.

ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. இது தமிழ்நாட்டுச் சட்டம். பெங்களூரு கிளப் வாசலில் இதைக் காட்ட முடியாது. அடுத்து, இது காப்பாற்றுவது பாரம்பரிய உடையை. உங்க கிழிஞ்ச ஜீன்ஸை அல்ல!

கிளம்புறதுக்கு முன்னாடி...

கிளப் வெப்சைட்டில் 'டிரெஸ் கோடு' பகுதியைப் பாருங்க. இல்லைன்னா கூப்பிட்டவரிடமே, "என்ன டிரெஸ்ல வரணும்ங்க?" என்று கேட்டுடுங்க. நீங்க விருந்தாளியா போறீங்க. உடையில் தப்பு நடந்தா கிளப்பில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால கேட்கிறதுல கூச்சமே வேண்டாம்.

மட்டை பிடித்து ஆடப் போறீங்கன்னா காலர் டி-ஷர்ட், காட்டன் பேன்ட். பேச்சும் சாப்பாடும் மட்டும்தான்னா, வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கின சேலத்துப் பக்கத்து ஆள் நீங்க. அப்பாவோட வேட்டியைத் தாராளமா கட்டிக்கிட்டுப் போங்க!