திப்பிலி: வயிற்றுக்கும் தொண்டைக்கும் பொதுவான மருந்தின் வரலாறு

திப்பிலி மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. தாவரவியலில் இதன் பெயர் பைப்பர் லாங்கம். இதன் உலர்ந்த காய்க்கதிர் அரிசித் திப்பிலி என்ற பெயரிலும், வேர்த்தண்டுப் பகுதி கண்டந்திப்பிலி என்ற பெயரிலும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. செரியாமை, பசியின்மை, தொண்டைக் கரகரப்பு, இருமல் ஆகிய நான்குக்கும் ஆயுர்வேதம் இதைப் பயன்படுத்துகிறது. வயிற்றுக்கு ஒன்று, தொண்டைக்கு வேறொன்று என மருந்தைப் பிரித்துப் பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். பழைய நூல்களில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. அதே நூல்களில் இம்மருந்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. கணக்கு நினைவில் நின்ற அளவுக்கு எச்சரிக்கை நிற்கவில்லை.

பெயரும் வணிகமும்

வடமொழியில் திப்பிலிக்குப் பிப்பலி என்று பெயர். அதர்வவேதத்தின் 6ஆம் காண்டத்திலேயே பிப்பலியை மருந்தாகப் போற்றும் பாடல் இருக்கிறது. மாகதி, வைதேகி என்னும் மாற்றுப் பெயர்கள் மகதம், விதேகம் ஆகிய கிழக்கிந்திய நாடுகளைச் சுட்டுகின்றன. கிரேக்கர் இச்சொல்லைப் பெபெரி என்றனர், ரோமர் பைப்பர் என்றனர். கருமிளகுக்கு இன்று ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் திப்பிலியிடமிருந்து இரவல் பெற்றதுதான்.

கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி தரும் விலைப்பட்டியலில் ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரியம், வெண்மிளகு 7, கருமிளகு 4. மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பல் கப்பலாகச் சென்ற கருமிளகு மலிவாக இருந்தது. திப்பிலி விலையுயர்ந்த சரக்காகவே இருந்தது. இரண்டும் ஒரே செடியின் காய்கள் என்று பிளினி நம்பினார். பொருளை வாங்கியவர்கள் கொடியைப் பார்த்ததில்லை. பின்னாளில் மலிவான மிளகு திப்பிலியை ஐரோப்பியச் சமையலறையிலிருந்து ஏறத்தாழ முழுவதுமாக வெளியேற்றிவிட்டது.

சரக சம்ஹிதையில்

சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 4ஆம் அத்தியாயம் மருந்துகளை 50 தொகுதிகளாக வகுக்கிறது. தொகுதிக்குப் பத்து மருந்துகள். பசித்தீயைத் தூண்டும் தீபனீயம், குரலுக்கும் தொண்டைக்கும் நலம் தரும் கண்ட்யம், இருமலைப் போக்கும் காசஹரம் ஆகிய மூன்றிலும் திப்பிலி வருகிறது. இந்த அத்தியாயத்தில் ஒரு சுவையான உரையாடல் உண்டு. ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்போது 500 மருந்துகள் என்று எப்படிச் சொல்லலாம் என அக்கினிவேசர் கேட்கிறார். ஒரே ஆள் பல வேலைகள் செய்தால் வேலைக்கொரு பெயர் பெறுவதில்லையா என்கிறார் ஆசிரியரான ஆத்ரேயர். கேள்வியும் கூர்மையானது, பதிலும் கூர்மையானது.

வயிறும் தொண்டையும் எப்படி இணைகின்றன என்பதற்கு 20ஆம் அத்தியாயம் துணை செய்கிறது. கபத்தின் இருப்பிடங்களாக மார்பு, தலை, கழுத்து, மூட்டுகள், இரைப்பை, கொழுப்பு ஆகியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. கழுத்தும் இரைப்பையும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். செரிக்கும் தீ மந்தமானால் உணவு பக்குவப்படாமல் ஆமமாகத் தங்குகிறது, கபம் மிகுகிறது, அது தொண்டையிலும் மார்பிலும் தெரிகிறது என்பது இம்மருத்துவத்தின் விளக்கம். ஆகவே தொண்டைக்கு மருந்து கொடுப்பவர் பசியைப் பற்றியும் கேட்பார். கற்கண்டு, மூங்கிலுப்பு, திப்பிலி, ஏலம், இலவங்கப்பட்டை ஆகியவற்றை 16:8:4:2:1 என்ற விகிதத்தில் சேர்த்துச் செய்யும் சிதோபலாதி சூரணம் இந்தக் கருத்தின் வடிவம். தேனோ நெய்யோ சேர்த்துத் தரப்படும் இச்சூரணம் இருமலுக்கும் பசியின்மைக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி என்பதால் செய்முறை மனத்தில் எளிதில் நிற்கும்.

அளவு பற்றிய எச்சரிக்கை

சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் முதல் அத்தியாயம் மிகுதியாகப் பயன்படுத்தக் கூடாத பொருள்கள் என்று மூன்றைச் சொல்கிறது: திப்பிலி, காரம், உப்பு. இங்கே காரம் என்பது சாம்பலிலிருந்து எடுக்கும் உப்புவகை, சுவையைக் குறிப்பதன்று. தக்க வேளையில் அளவோடு கொடுத்தால் திப்பிலி உடனே நன்மை செய்யும். தொடர்ந்து மிகுதியாக உண்டால் கபத்தையும் பித்தத்தையும் கிளறும், வாதத்தையும் தணிக்காது என்று நூல் காரணம் காட்டுகிறது. ஆனால் அதே நூலின் சிகிச்சாஸ்தானம், நாள்தோறும் பத்துப் பத்தாக எண்ணிக்கையைக் கூட்டிப் பின் அவ்வாறே குறைக்கும் வர்த்தமான பிப்பலி என்ற முறையையும் கூறுகிறது. இதை முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. அது மருத்துவர் கண்காணிப்பில் தொடங்கி முடியும் சிகிச்சை. அஞ்சறைப் பெட்டிப் பழக்கம் அன்று.

தமிழில்

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். நல்லாதனார் இயற்றிய கீழ்க்கணக்கு நூலுக்கு இதுவே பெயரானது. இம்மூன்றும் உடல்நோயைத் தீர்ப்பதுபோலப் பாட்டுக்கு மூன்று கருத்துகள் உள்ளத்துக்கு உதவும் என்பது பெயர்க்காரணம். ஏலாதியின் ஆறு மருந்துகளிலும் இம்மூன்றும் உண்டு. ஒரு மருந்துக் கலவையின் பெயரை விளக்கமின்றி நூலுக்கு வைக்க முடிந்ததென்றால், படித்தவர்களுக்கு அது நன்கு பழகிய பெயராக இருந்திருக்க வேண்டும். சளிக்கும் மந்தத்துக்கும் வைக்கும் கண்டந்திப்பிலி ரசமும், தீபாவளி லேகியமும் இன்றும் வழங்கும் தொடர்ச்சிகள்.

ஆய்வுக்கூடத்தில்

மிளகின் உறைப்புப் பொருளான பைப்பரினை 1819இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். மின்னோட்டத்தின் காந்த விளைவைக் கண்டறிந்தவரும் அவரே. திப்பிலியிலும் இப்பொருள் உண்டு. ஆயுர்வேதக் கலவைகள் பலவற்றில் திரிகடுகம் ஏன் இடம்பெறுகிறது என்ற கேள்வியை ஜம்முவின் மண்டல ஆய்வுக்கூடத்தில் அட்டல் குழுவினர் எடுத்துக்கொண்டனர். பிற மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைப் பைப்பரின் உயர்த்துகிறது என்று 1979 முதல் அவர்கள் எழுதினர். 1998இல் பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், 2 கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் உட்கொண்டவர்களின் உடலில் குர்க்குமின் ஏற்பு 2000 விழுக்காடு கூடியது. ரிஃபாம்பிசினுடன் பைப்பரினைச் சேர்த்த காசநோய் மாத்திரை ஒன்றும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

இதன் மறுபக்கமும் பதிவாகியுள்ளது. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனோலால், இளைப்புக்குத் தரும் தியோஃபிலின் ஆகியவையும் பைப்பரினோடு சேரும்போது இரத்தத்தில் மிகுவது மனிதரிடம் நடத்திய ஆய்வுகளில் தெரிந்தது. ஃபெனிட்டாயினும் தியோஃபிலினும் அளவு சற்றே மீறினாலும் நஞ்சாகக்கூடியவை. ரசத்தில் சேரும் சிறு துண்டு வேறு, மாதக்கணக்கில் விழுங்கும் சூரணமோ பைப்பரின் மாத்திரையோ வேறு. இத்தகைய மருந்துகளை உட்கொள்பவர்கள் திப்பிலிச் சூரணத்தைத் தொடங்கும் முன் தம் மருத்துவரிடம் அதைச் சொல்வது அவசியம்.