பொன்னுக்குக் கழுத்து, வெள்ளிக்குக் கால்

கல்யாணத்துக்கு நகை எடுக்கப் புறப்படுகிற குடும்பத்தில், அட்டிகையா காசுமாலையா என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். ஆனால் கழுத்துக்கும் காதுக்கும் பொன், காலுக்கு வெள்ளி என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது யாரும் கூடிப் பேசாமலே தீர்ந்துபோன விஷயம். ஏன் என்று சிறுபிள்ளை எவரேனும் கேட்டால், பொன் லட்சுமியின் அம்சம், அதை இடுப்புக்குக் கீழே பூணலாகாது என்று பாட்டி சொல்லுவாள். சொல்லுகிற தோரணையைப் பார்த்தால் சிருஷ்டியின் முதல் நாளன்றே இந்த விதியும் ஏற்பட்டுவிட்டது போலத் தோன்றும். பாட்டியின் வாக்கை எதிர்த்துப் பேச எனக்கு உத்தேசமில்லை. ஆயினும் இந்தச் சம்பிரதாயம் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதன்று என்றும், மஞ்சள் நிறம் நமக்கு உகந்ததாகி வெண்மை காலோடு நின்றுவிட்டதில் கண்ணின் ருசிக்கு உள்ள பங்கு சொற்பம், நாணயச் சாலைக்கும் அரண்மனைக்கும் ஊர்க் கட்டுப்பாட்டுக்கும் உள்ள பங்கே பெரிது என்றும் நெடுநாளாக எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

முதல் சாட்சி சிலப்பதிகாரம். புகார் நகரத்து வணிகன் மகளான கண்ணகி ராஜகுலத்தில் பிறந்தவள் அல்லள்; தன் காலில் கிடந்தது பொற்சிலம்பு என்பதைப் பாண்டியன் சபையில் அவளே சொல்லுகிறாள். உள்ளே பரலாக இட்டது இவளுக்கு மாணிக்கம், கோப்பெருந்தேவிக்கு முத்து என்ற ஒரே வேற்றுமையைக் கொண்டுதான் வழக்குத் தீர்ந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒத்திருந்ததனாலேயே பொற்கொல்லனுடைய பொய் பலித்தது. வெள்ளிச் சிலம்பாக இருந்திருந்தால், அதை முதலாக வைத்து இழந்த செல்வத்தை மீட்கலாம் என்று கோவலன் மதுரைவரை நடந்திருப்பானா என்பதும் யோசிக்கத்தக்கது. ஆக, இளங்கோவடிகள் கண்ட உலகத்தில் ஒரு வணிக வீட்டுப் பெண் காலில் பொன் அணிவது பாவமாக இல்லை. ராஜபுதனத்து சமஸ்தானங்களிலோ காலில் பொன் பூணுவது அரசன் மனமுவந்து அளிக்கும் விருதாக இருந்தது. விருது பெறாத பிரபுவின் மனைவிக்கு எவ்வளவு செல்வமிருந்தும் பாதத்தில் பொன் கிடையாது. அரசன் கொடுத்தாலன்றிக் கூடாது என்பது வேறு, தெய்வக் குற்றம் என்பது வேறு. ஆனால் முன்னது பின்னதாக மாறுவதற்கு இரண்டு மூன்று தலைமுறை போதும் என்பது என் ஊகம்.

பழைய தமிழில் பொன் என்ற சொல் தங்கத்துக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. உலோகம் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர். தங்கம் செம்பொன், வெள்ளி வெண்பொன், இரும்பு கரும்பொன். கோயில் திருமேனிகளை ஐம்பொன்னால் வார்த்தவை என்கிறோமே, அந்தப் பொன் இந்தப் பொதுப்பொன்தான். தில்லையில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம். இரண்டிலும் ஆடுகிறவன் ஒருவனே, மதுரையில் மட்டும் கால் மாற்றி ஆடுகிறான்.

இவ்விரு உலோகங்களில் பெரும்பகுதி நமக்குக் கடல் வழியாக வந்து சேர்ந்தது. மிளகுக்கும் முத்துக்கும் விலையாக ரோமாபுரியின் செல்வம் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி என்ற ஆசிரியர் வயிறெரிந்து எழுதினார். கொங்கு நாட்டு மண்ணில் அகப்பட்ட ரோமப் புதையல்களில் பொற்காசும் உண்டு, வெள்ளிக்காசும் உண்டு; புதுக்கோட்டைச் சீமையில் 1898-ல் கிடைத்ததோ முழுவதும் பொன். அந்தக் காசுகள் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். மறுபடி நாணயமாக நடமாடாமல் வெறும் உலோகமாக மதிக்கப்படுவதற்காகச் செய்த வெட்டு என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். சீசரின் முகம் நம்மவர்க்கு ஒரு பொருட்டாகவே இல்லை, எடைதான் வேண்டியிருந்தது. எடையில் அவர்கள் காட்டிய சிரத்தைக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களே சான்று: ராஜராஜன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில் விமானத்தின் உச்சிக்குக் கொடுத்த செப்புக்குடத்தின்மேல் வேய்ந்த பொன் 2926½ கழஞ்சு என்று அரைக் கழஞ்சையும் விடாமல் கணக்குச் சொல்லுகிறது ஒரு கல்வெட்டு; பொன் நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று கூத்தப்பிரானின் பெயரையே இட்டிருந்தார்கள். வெள்ளிப் பாத்திரங்களும் அக்கோயிலுக்கு வந்தன. அவை சேரனையும் பாண்டியனையும் வென்று கைக்கொண்ட பண்டாரத்தைச் சேர்ந்தவை.

நாணய விஷயத்தில் வடக்கும் தெற்கும் வேறு வேறு பாதையில் போயின. வடக்கே ஷேர்ஷா வகுத்த வெள்ளி ரூபாய் மொகலாயர் ஆட்சியில் வேரூன்றிவிட்டது. தெற்கே விஜயநகரத்தின் வராகனும் பணமும் பொன். இன்று எந்தக் காகிதத்தையும் பணம் என்கிறோம். ஒரு காலத்தில் அது அரைக் கிராம் எடைகூட இல்லாத, நகத்தின் இடுக்கில் ஒட்டிக்கொள்ளுகிற பொற்பொட்டு. இத்தகைய பொடிக் காசுகளை ஒவ்வொன்றாக எண்ணினால் பொழுது சாய்ந்துவிடும் என்பதற்காக மலையாளக் கரையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் குடைந்த மரப்பலகை ஒன்று வைத்திருந்தார்கள். கை நிறைய அள்ளிப் பலகைமேல் கொட்டி, இரண்டு குலுக்குக் குலுக்கிச் சற்றே சரித்தால் குழிக்கு ஒன்றாகத் தங்கிவிடும், மிச்சம் வழிந்துவிடும்; குழிகளின் தொகையே காசின் தொகை. இவ்வளவு அழகான கணக்குக் கருவியை நம் வங்கிகள் பிற்பாடு கண்டதில்லை.

வெள்ளி ரூபாய் தமிழ்ச் சீமைக்குள் நிலையாகக் கால் வைத்தது ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில். 1736-ல் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களும் 1742-ல் சென்னை ஆங்கிலேயர்களும் ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமை பெற்றார்கள். 1818-ல் கும்பினியார், நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுத்து, வெள்ளி ரூபாயையே ராஜதானியின் கணக்கு நாணயமாக்கினார்கள். பொன் பெட்டிக்குள் போயிற்று, வெள்ளி சந்தைக்கு வந்தது. 1835-க்குப் பின் தேசம் முழுவதற்கும் ஒன்றாகிவிட்ட அந்த ரூபாயில் பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி, எடை சரியாக ஒரு தோலா. ஆகவே கிராமத்து ஆசாரிக்குப் படிக்கல்லும் அதுவே, சரக்கும் அதுவே. அறுவடை முடிந்து கையில் பத்து ரூபாய் மிஞ்சிய குடியானவன் அதை உருக்கித் தண்டையாக்கிப் பெண்சாதியின் காலில் பூட்டினான். மழை பொய்த்த வருஷத்தில் தண்டை மறுபடி ரூபாயாயிற்று, ஏனெனில் வெள்ளியை எவர் கொண்டுபோனாலும் சொற்பக் கூலி பிடித்துக்கொண்டு நாணயமாக அடித்துக் கொடுக்கிற கடமை நாணயச் சாலைக்கு இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரையில், பம்பாய் நாணயச் சாலைக்கு நகை வெள்ளி குவியல் குவியலாக வந்து சேர்ந்தது. அந்தக் குவியலில் இருந்தது எத்தனை ஊர்ப் பெண்களின் சேமிப்பு என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது.

அதற்குள்ளாகவே ஐரோப்பாவில் வெள்ளிக்குக் கேடுகாலம் தொடங்கியிருந்தது. ஜெர்மனி 1871-க்குப் பின் பொன் நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கவும், அமெரிக்கச் சுரங்கங்கள் மேலும் மேலும் தோண்டவும், ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெற்றிருந்த ரூபாய் இருபது வருஷத்தில் பதினைந்து பென்ஸ் அளவுக்கு இறங்கிற்று. 1893-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி இந்திய நாணயச் சாலைகள் பொதுஜனங்களின் வெள்ளியை வாங்கி அடிப்பதை நிறுத்திவிட்டன. தண்டை ரூபாயாக மாறுகிற வாசல் அன்றோடு அடைபட்டது. காலில் கிடந்தது அதே வெள்ளிதான், ஆனால் அதற்குப் பின்னால் நின்ற சர்க்கார் நகர்ந்துகொண்டது. 1899-ல் இங்கிலாந்தின் பொற்காசு பதினைந்து ரூபாய்க்கு இங்கே செல்லுபடியாயிற்று. அந்தக் காசுக்கு நாம் வைத்த பெயர்கள்தாம் பவுனும் சவரனும். எட்டுக் கிராமுக்குச் சற்றே குறைந்த அந்த அந்நியக் காசின் எடையிலேயே இன்றுவரை நம் பெண்களின் நகையை நிறுத்துப் பேசுகிறோம். பொன்மேல் நமக்குள்ள ஆசை பழையது. ஆனால் வெள்ளியை இளக்காரமாகப் பார்க்கிற பார்வை பெரும்பாலும் அந்த ஜூன் மாதத்துக்குப் பிற்பட்டது என்றே சொல்லுவேன். சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போன தமிழர்கள் மட்டும் அங்குள்ள நாணயத்தை இன்னும் வெள்ளி என்றே மரியாதையாக அழைக்கிறார்கள்.

ருசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எல்லாருக்கும் இருந்ததாகப் பாவித்துக்கொள்ளுகிறார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். அவற்றில் ஒன்று, ஆதிதிராவிடர் பொன் நகையும் வெள்ளி நகையும் அணியலாகாது என்பது. 1931 ஜனக்கணக்குக்குத் தலைமை வகித்த ஹட்டன் இதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். மஞ்சள் பிடிக்குமா, வெண்மை பிடிக்குமா என்ற கேள்வி அந்தத் தெருவில் எழுவதற்கே இடமில்லை.

எங்கள் ஊர் ஆசாரியின் பட்டறையில் சிறுவயதில் நான் பல சாயங்காலங்களைக் கழித்ததுண்டு. உமி ஓட்டில் கங்கு கனிய, ஊதுகுழலை வாயில் வைத்துக் கன்னம் புடைக்க ஊதுவார். நிறுப்பதற்குச் சிவப்பில் கறுப்புப் பொட்டிட்ட குன்றிமணி. ஒருநாள் என் பாட்டி, "என்ன ஆசாரியாரே, இந்தத் தோட்டிலே மாற்றுக் குறைச்சலாகத் தெரிகிறதே?" என்று கேட்டாள். அவர் மறுமொழி சொல்லாமல் தோட்டை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, பக்கத்தில் மாற்றறிந்த ஆணியால் இன்னொரு கோடு இழுத்து, கல்லை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். பாட்டி இரண்டு கோடுகளையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபின் தலையசைத்தாள். பொன்னின் நிறத்தில் அந்த அளவுக்குக் கண் பழகியவர்களிடம்தான் 1963-ல் சர்க்கார் பதினான்கு காரட்டுக்கு மேல் நகை செய்யலாகாது என்று சட்டம் போட்டது. வெளிறிப்போன அந்த நகையை எவளும் விரும்பவில்லை. சட்டம் பின்னால் தளர்ந்து, 1990-ல் அடியோடு நீங்கியது. அதற்குள் எத்தனையோ ஆசாரிகள் பட்டறையை மூடிவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். நாம் பொன் என்று கண்குளிரப் பார்க்கிற பலவற்றுக்கு உடல் வெள்ளி. காஞ்சிபுரத்துப் பட்டின் அசல் ஜரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குப் பொன் முலாம் ஏற்றியது. அதில் பொன் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நாட்டியப் பெண்கள் அணிகிற, நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கெம்பு நகைகளும் வழிவழியாக வெள்ளியில் கட்டிப் பொன்னால் போர்த்தவையே. பழைய ஜரிகை வாங்க வருகிறவர், முந்தானை எவ்வளவு மின்னினாலும், உருக்கினால் தேறும் வெள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் விலை சொல்லுகிறார்.

இப்போது சேலத்துப் பட்டறைகளில் செய்கிற கொலுசு நாடெங்கும் போகிறது; நேர்த்தியான வேலைதான். ஆனால் கால் வெள்ளி என்றால் கொலுசும் மெட்டியும் மட்டும் என்று ஆகிவிட்டது. தண்டை, பாடகம், பீலி, மிஞ்சி, காற்சதங்கை, சின்னஞ்சிறு பெண்ணுக்கு இடுப்பில் கட்டுகிற அரைமூடி, பிள்ளைக்குப் பாலூட்டும் சங்கு, இவையெல்லாம் "பழைய வெள்ளி எடுத்துக்கொள்ளப்படும்" என்ற பலகை தொங்குகிற கடைகளில் ஒரே கட்டியாக உருகிக்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் கறுத்துப்போய் ஒன்றிரண்டு கிடக்கலாம். சிறிது விபூதி போட்டுத் தேய்த்தால் வெளுத்துவிடும். கடைக்குக் கொண்டுபோவதானாலும், அதற்குமுன் வீட்டில் மூத்தவளிடம் அதன் பெயர் என்ன, யார் அணிந்தது என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.