ஆட்டு வயிற்றுக்குள் ஒரு கோபால்ட் குண்டு

தென் ஆஸ்திரேலியாவின் கடலோரச் சுண்ணாம்பு மணல் நிலங்களில் புல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அங்கே மேய்ந்த செம்மறிகள் சில மாதங்களில் எலும்பும் தோலுமாகிவிடும். கண்ணில் நீர் வடியும், ஈறு வெளுக்கும், மேய்ச்சலில் நாட்டமே போய்விடும். வளரும் குட்டிகள்தான் முதலில் விழும். மந்தையை வேறு மண்ணுக்கு ஓட்டிப்போனால் தேறிக்கொள்ளும். திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி மெலியும். அங்கே இதற்குக் 'கடற்கரை நோய்' என்று பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்றொரு சிற்றூர் உண்டு. அந்த வட்டாரத்தில் 'டென்மார்க் மெலிவு நோய்' என்றார்கள். நியூசிலாந்தின் வடதீவில், எரிமலை உமிழ்ந்த மண்ணில் அது 'புதர் நோய்'. ஊருக்கொரு பெயர், அடியில் இருந்த குறை ஒன்றுதான்.

கால்நடை வெளிறிப்போனதால் இரும்புச்சத்துக் குறை என்று முடிவு கட்டினார்கள். நியூசிலாந்து அரசு வேதியியலாளர் ஆஸ்டன் அப்படித்தான் நம்பினார். லிமோனைட் என்ற இரும்புக் கனிமத்தைப் பொடித்துக் கொடுத்தார்கள், கால்நடைகள் பிழைத்தன. மருந்து பலித்த பிறகு காரணத்தை யார் தோண்டப் போகிறார்கள்?

தோண்டியவர்கள் மேற்கு ஆஸ்திரேலிய வேளாண் துறையின் எரிக் அண்டர்வுட்டும் ஃபில்மரும். இரும்புதான் மருந்து என்றால், இரும்பு கூடக்கூடக் குணமும் கூட வேண்டும். அப்படி நடக்கவில்லை. சில இரும்பு உப்புகளை அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது. சில கொஞ்சத்திலேயே வேலை செய்தன. ஆகவே லிமோனைட்டிலிருந்து இரும்பை அடியோடு நீக்கிவிட்டு, மிச்சத்தை ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆடு தேறியது. அந்த மிச்சத்தை மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போனபோது கடைசியில் கையில் நின்றது கோபால்ட். ஆண்டு 1935. மருந்து என்று ஊட்டிய இரும்பில் ஒட்டிக்கொண்டு வந்த கலப்படம்தான் உண்மையான மருந்து.

அதே ஆண்டில் அடிலெய்டில் ஹெட்லி மார்ஸ்டனும் லைன்ஸும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தார்கள். கோபால்ட் கொடுத்த எலிகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன என்று அப்போது தெரிந்திருந்தது. சோகை பிடித்த ஆட்டுக்கும் கொடுத்தால் என்ன? நாளுக்கு 1 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஆடு மேயத் தொடங்கியது. எலிக்கு நடந்ததும் ஆட்டுக்கு நடந்ததும் வேறு வேறு என்பது பிறகு தெரிந்தது. தப்பான நியாயம் சரியான கதவைத் திறந்த சம்பவங்களில் இதற்கு முதலிடமே கொடுக்கலாம். கடற்கரை நோய்க்குக் கோபால்ட் மட்டும் போதவில்லை. அந்த மண்ணில் தாமிரமும் குறைவு, இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு புதிர் மட்டும் மிஞ்சியது. வாய்வழி கொடுத்தால் குணம் தருகிற கோபால்ட், ஊசியாகப் போட்டால் ஏன் பலிப்பதில்லை? விடை மனித வைத்தியத்திலிருந்து வந்தது. கொல்லும் வகைச் சோகைக்கு ஈரலை உண்ணக் கொடுத்து மைனாட்டும் மர்ஃபியும் 1926-இல் நோயாளிகளைத் தேற்றியிருந்தார்கள். ஈரலிலிருந்த அந்தப் பொருளை 1948-இல் அமெரிக்காவின் மெர்க் ஆய்வகமும் இங்கிலாந்தின் கிளாக்ஸோவும் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தன. அதுதான் பி12 வைட்டமின். அதன் நடுவில் கோபால்ட் உட்கார்ந்திருந்தது. 1951-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோபால்ட் குறைவால் மெலிந்த குட்டிகளுக்கு பி12 ஊசி போட்டார்கள், அவை தேறின. ஆடு கோபால்ட்டை உண்பது தன் வயிற்று நுண்ணுயிர்களுக்காக. முதல் இரைப்பையில் குடியிருக்கும் அவை கோபால்ட்டை வைத்து பி12 செய்கின்றன. ஆடு அதை வாங்கிக்கொள்கிறது. ஊசியில் ஏற்றிய கோபால்ட் அந்தத் தொழிற்கூடத்துக்குத் தேவையான அளவு போய்ச் சேர்வதில்லை.

தேவை என்னவோ அற்பம்தான். உலர்ந்த தீவனம் ஒரு கிலோவில் சுமார் 0.1 மில்லிகிராம் இருந்தால் போதும். நாளுக்கு ஒரு கிலோ தின்னும் ஆட்டுக்கு 1 கிராம் கோபால்ட் 27 ஆண்டுக்கு வரும். எந்த ஆடு அத்தனை காலம் வாழ்கிறது? சிக்கல் அளவில் இல்லை, தவணையில் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு வரத்து நிற்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் ஆடு வைத்திருப்பவர் அடிக்கடி மந்தையை வளைத்து மருந்து புகட்டிக்கொண்டிருக்க முடியுமா? சூப்பர் பாஸ்பேட்டில் கோபால்ட் கலந்து புல்வெளியில் தூவும் வழி நியூசிலாந்தில் நன்றாகவே பலித்தது. ஆனால் சுண்ணாம்பு மண்ணில் பயிர் அதைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை.

1958-இல் டூயி, லீ, மார்ஸ்டன் மூவரும் ஒரு குண்டைச் செய்தார்கள். கோபால்ட் ஆக்சைடைச் சுட்டு இறுக்கிய கனமான சிறு உருளை அது. ஆட்டின் தொண்டைக்குள் தள்ளிவிட்டால், கனத்தால் இரண்டாம் இரைப்பையில் போய்த் தங்கிவிடும். அசைபோடும்போது மேலே ஏறி வராது. கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து மாதக்கணக்கில் கோபால்ட் தரும். நாளடைவில் பாத்திரத்தில் உப்புநீர்க் கறை படிவதுபோல் குண்டின்மேல் கால்சியம் பாஸ்பேட் படிந்தது, கரைவது நின்றது. அதற்கும் வழி கண்டார்கள்: குண்டோடு ஒரு சின்ன எஃகுத் திருகாணியையும் விழுங்க வைத்தார்கள். வயிறு சுருங்கி விரியும்போதெல்லாம் இரண்டும் உரசிக்கொள்ளும், படிவு உதிரும். ஆட்டு வயிற்றையே அரவைக்கூடமாக்கிய இந்த யோசனையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இன்று நம் ஊர்க் கால்நடை மருந்துக் கடையில் விற்கும் தாது உப்புக் கலவையிலும் கோபால்ட் இருக்கிறது. அளவு மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் பட்டியலின் அடிப்பகுதியில் இருக்கும். அதைத் தேடும்போது தாமிரத்தின் அளவையும் பாருங்கள். மாட்டுக்குச் சரியான தாமிரம் செம்மறிக்கு அதிகமாகிவிடலாம். அது ஈரலில் சத்தமில்லாமல் வாரக்கணக்கில் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று மஞ்சள் காமாலையும் கறுஞ்சிவப்புச் சிறுநீருமாக ஆட்டைச் சாய்த்துவிடும். மாட்டுக்கு வாங்கிய பையிலிருந்து ஒரு கை அள்ளிச் செம்மறிக்குப் போடாதீர்கள். செம்மறிக்கென்று செய்த கலவையைக் கேட்டு வாங்குங்கள், அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.